கரையேறும் உயிர்களுக்குக் காவல் நிற்பது எப்படி? ஹவாயி கடல்நாய்களும் நம் ஈஸ்ட் கோஸ்ட் ஆமைகளும்

கேள்வி: பிடோக் மாறன்

வணக்கம். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இரவில் நடக்கும் பழக்கமுள்ளவர்களும் கடல்வாழ் உயிர்களைப் பற்றி அறிந்தவர்களும் இங்கே பலர் இருப்பதால் இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே கேட்கிறேன்.

அண்மையில் ஓர் இரவு, பார்பிகியூ குழிகளைத் தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு பகுதியில் கடலாமை ஒன்று கரையேறியது. முதலில் அதைக் கண்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். சிறிது நேரத்திலேயே பெருங்கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்துடன் வரவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் ஒருவர் அதன் முகத்துக்கு நேரே கைப்பேசி விளக்கைப் பிடித்தார். ஒரு தந்தை தம் மகனை ஓட்டின் அருகே உட்காரவைத்துப் படம் எடுத்தார். வழி தவறி வந்துவிட்டதாக நினைத்த இன்னொருவர், தூக்கிக் கடலில் விட்டுவிடலாமா என்று பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆமை மணலைச் சிறிது தோண்டிப் பார்த்துவிட்டு முட்டையிடாமலேயே திரும்பிப் போய்விட்டது. அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது எதற்காக வந்தது என்பதே தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் ஹொனலுலுவுக்குச் சென்றிருந்தபோது, சுற்றுப்பயணிகள் நிறைந்த கடற்கரை ஒன்றில் மங்க் சீல் எனப்படும் கடல்நாய் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதைச் சுற்றி மெல்லிய கயிறு கட்டப்பட்டிருந்தது. பணி ஓய்வு பெற்ற வயதுடைய இருவர் தொண்டூழியர் சட்டையுடன் பக்கத்தில் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இருந்தது, ஆனால் கூச்சல் இல்லை. குழந்தைகள்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

நான் அறிய விரும்புவது இவைதான். ஹவாயியில் அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது? அதைப்போன்ற ஒன்று சிங்கப்பூரில் உண்டா, இல்லையென்றால் சாத்தியமா? இவற்றைவிட முக்கியமாக, கடற்கரைக்கு ஓய்வு தேடி வந்திருக்கும் ஒருவரிடம், அதுவும் நம் வீட்டுப் பெரியவர்களைப் போன்றவரிடம், அதிகாரம் காட்டுவதாகத் தோன்றாமல் இதை எப்படிச் சொல்வது? "பிள்ளை ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமே, என்ன ஆகிவிடப் போகிறது?" என்று ஒரு பாட்டி கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

பதில்: அலைமகள்

மாறன் ஐயா, வணக்கம். முதுகலைப் படிப்புக்காக ஹொனலுலுவில் இருந்த காலத்தில், நீங்கள் பார்த்த அதே தொண்டூழியத்தை வார இறுதிகளில் நானும் செய்தேன். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் என்னால் பதில் சொல்ல முடியும். சிங்கப்பூர் நிலவரத்தை இங்குள்ள தொண்டூழியர்கள் சொல்வதே பொருத்தம்.

ஹவாயி மங்க் சீல் அந்தத் தீவுக்கூட்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் வாழ்வதில்லை. மொத்தமே ஏறத்தாழ 1,600 உயிருடன் இருக்கின்றன. அவற்றுள் 1,200 அளவில் மக்கள் குடியிருப்பில்லாத வடமேற்குத் தீவுகளிலும், மீதமுள்ளவை மக்கள் வாழும் முதன்மைத் தீவுகளிலும் உள்ளன. அமெரிக்க அரசு 1976-இல் இதை அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இதன் நெருங்கிய உறவான கரீபியன் மங்க் சீல் 1952-க்குப் பிறகு யார் கண்ணிலும் உறுதியாகப் படவில்லை. அது அடியோடு அழிந்துவிட்டது என்று 2008-இல் முறைப்படி அறிவித்தார்கள். உறவினம் ஒன்று அப்படிப் போய்விட்டதை அறிந்தவர்கள் என்பதால்தான் அங்குள்ளவர்கள் ஒவ்வொரு கடல்நாயையும் பெயரும் எண்ணும் சொல்லித் தனித்தனியாக அடையாளம் வைத்திருக்கிறார்கள். பின்துடுப்பில் மாட்டிய அடையாள வில்லை, உடலிலுள்ள தழும்பு, சுறா கடித்த வடு ஆகியவற்றைக் கொண்டு இன்னாரென்று கண்டுபிடித்து, எங்கே, எந்த நிலையில் இருந்தது என்பதைத் தொண்டூழியர்கள் எழுதி அனுப்புவார்கள்.

இனி, கரையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு கடல்நாய் மணலில் ஏறிப் படுத்திருப்பதாகத் தொலைபேசியில் தகவல் வந்தவுடன் அருகிலுள்ள தொண்டூழியர் புறப்பட்டுப் போவார். குறைந்தது 15 மீட்டர் தள்ளிச் சிறு கம்புகளை ஊன்றிக் கயிறு கட்டி, அறிவிப்புப் பலகைகளை நிறுத்துவார். தாயும் குட்டியுமாக இருந்தால் அந்த இடைவெளி 45 மீட்டர். கடல்நாய் புரண்டு இடம் மாறினால் கயிறும் இடம் மாறும். அது கடலுக்குள் போனதும் கயிற்றை அவிழ்த்துவிடுவோம். தேவையில்லாமல் ஒரு கணமும் கடற்கரையை மறித்து வைப்பதில்லை என்பதை ஊர்மக்கள் பார்த்துவிட்டால், அடுத்த முறை கயிற்றைக் கண்டதும் அவர்களே குழந்தைகளை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

கயிறு கட்டும் வேலை விரைவில் முடிந்துவிடும். அதன்பிறகு பல மணி நேரம் செய்வதெல்லாம் பேச்சுத்தான். வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "இது செத்துவிட்டதா?" அல்லது "இதற்கு உடம்பு சரியில்லையா?" என்பதாகும். இரவெல்லாம் ஆழத்தில் இரை தேடிய கடல்நாய் பகலில் மணலில் அசையாமல் தூங்குவது அதன் இயல்பான வாழ்க்கை. தூங்கும்போது வெகுநேரம் மூச்சைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். ஆண்டுக்கு ஒருமுறை மேல்தோல் முடியோடு திட்டுத் திட்டாக உரியும். அப்போது பார்ப்பதற்குக் கடும் நோய் பிடித்ததைப் போலவே இருக்கும். இதை அறியாத நல்ல மனத்தவர்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றவும், கடலை நோக்கித் தள்ளிவிடவும் முனைவார்கள். உங்கள் ஈஸ்ட் கோஸ்ட் கூட்டத்தில், தூக்கிக் கடலில் விடலாமா என்று கேட்டவரும் இந்த வகையைச் சேர்ந்தவர்தான். அவரைக் கடிந்துகொள்வது பயன் தராது. அவருடைய இரக்கம் உண்மையானது. அதற்குச் சரியான செய்தி மட்டுமே தேவைப்படுகிறது.

ஆகவே எங்களுக்குப் பயிற்சியளித்த மூத்த தொண்டூழியர் ஒருவர், "தள்ளிப் போங்கள்" என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்கவே கூடாது என்று வற்புறுத்துவார். அவர் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கயிற்றை ஒட்டி வந்து நிற்கும் குடும்பத்திடம், "அதன் மூக்கை மட்டும் கவனித்துப் பாருங்கள்" என்பார். கடல்நாயின் நாசித்துளைகள் இரண்டு மெல்லிய கோடுகளாக இறுக மூடியிருக்கும். எல்லாரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நெடுநேரம் கழித்து அந்தக் கோடுகள் வட்டமாகத் திறந்து, மணல் துகள் தெறிக்க ஒரு மூச்சு வெளியே வரும். அதற்குள் அந்தக் குடும்பத்துக்கு அமைதி பழகியிருக்கும். ஏன் இவ்வளவு தூரத்தில் நிற்கச் சொல்கிறோம், எழுப்பிவிட்டால் அது இழப்பது என்ன என்பதை அதன்பின் சொன்னால் காதில் ஏறும். பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்க இதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை.

தாயும் குட்டியும் இருக்கும்போது வேலை மிகவும் கடினம். குட்டிக்குப் பாலூட்டும் ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை தாய் எதையும் உண்ணாமல் கரையோரத்திலேயே கிடக்கும்; உடல் கொழுப்பெல்லாம் கரைந்து எலும்பு தெரியும் அளவுக்கு இளைத்துவிடும். 2017-இல் வைக்கிக்கியை ஒட்டிய கைமனா கடற்கரையில், நீச்சலடிப்பவர்களுக்கு நடுவே, ராக்கி என்ற கடல்நாய் குட்டி ஈன்றது. குட்டி பால்குடி மறக்கும்வரை அந்தச் சிறிய கடற்கரையில் தொண்டூழியர்கள் முறைவைத்துக் காவல் நின்றார்கள். அதே ராக்கி 2022-இல் மீண்டும் அங்கே ஈன்றபோது, கடலில் நீந்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைத் தாக்கிக் காயப்படுத்தியது. கயிற்றைக் கரையில்தான் கட்ட முடியும். தண்ணீருக்குள் கட்ட முடியாது. விலங்கைக் காப்பது போலவே மக்களைக் காப்பதும் இந்தப் பணியின் பாதி என்பது அந்த நிகழ்ச்சியில் எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது.

சட்டமும் துணை நிற்கிறது. 2010 முதல் மங்க் சீலைத் துன்புறுத்துவதும் கொல்வதும் அந்த மாநிலத்தில் சிறைத் தண்டனைக்குரிய கடுங்குற்றங்கள். இருந்தும் சில கடல்நாய்கள் வேண்டுமென்றே கொல்லப்பட்டிருக்கின்றன. வலையிலும் தூண்டிலிலும் உள்ள மீனைக் கடல்நாய் பிடுங்கிக்கொள்கிறது என்ற மனக்குறை சில மீனவர்களிடம் உண்டு. அதனால் தொண்டூழிய அமைப்புகள் சுற்றுப்பயணிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் மீனவர்களிடமும் போய்ப் பேசுகின்றன. முள்ளில்லாத தூண்டில் கொக்கிகளைக் கொடுத்து, கடல்நாயின் வாயில் மாட்டினாலும் எளிதில் கழன்றுவிடும் என்று செய்து காட்டுகிறார்கள். கொக்கி மாட்டியதை மறைக்காமல் உடனே தகவல் சொல்லும் மீனவர் ஒரு கடல்நாயின் உயிரையே காப்பாற்றுகிறார். இன்று உயிரோடிருக்கும் கடல்நாய்களில் 100-க்கு 30 அளவில், இப்படி மனிதர்கள் நேரடியாகத் தலையிட்டுக் காப்பாற்றியவையோ அவற்றின் வழித்தோன்றல்களோதாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

பதில்: சாங்கிக் கரை

அலைமகள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். சிங்கப்பூர் பற்றி நான் சொல்கிறேன். மாறன் கேட்ட ஏற்பாடு இங்கே இல்லாமலில்லை. அது இருப்பது நம் மக்களில் பலருக்குத் தெரியவில்லை.

நம் கரைகளில் அழுங்காமை, பேராமை ஆகிய இரண்டும் காணப்படுகின்றன. முட்டையிட வருவது பெரும்பாலும் அழுங்காமைதான். உலக அளவில் மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ள இனம் அது. ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, செந்தோசா, தென்தீவுகள் ஆகிய இடங்களில் அது முட்டையிட்டிருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் கரையே கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மணலையும் ஓர் ஆமை நம்பி வருவது எவ்வளவு பெரிய செய்தி என்பது புரியும். ஒரு முறைக்கு நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும்; குஞ்சு பொரிக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்.

கடல்நாய்க்குச் செய்வதை அப்படியே ஆமைக்குச் செய்ய முடியாது. கடல்நாய் பகலில் வந்து பல மணி நேரம் படுத்திருக்கும். தகவல் வந்தபிறகு போய்க் கயிறு கட்டலாம். ஆமையோ இரவில், சொல்லாமல் வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்து போய்விடும். தொண்டூழியர் வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஆகையால் இங்கே காவலர்கள், தற்செயலாக அங்கே இருக்கும் பொதுமக்களே. அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் நம் வேலை.

தேசியப் பூங்காக் கழகம் பயிற்சி கொடுத்து நடத்தும் கடற்கரைச் சுற்றுக்காவல் திட்டம் ஒன்று உண்டு. அதில் சேர்ந்த தொண்டூழியர்கள் ஆமைத் தடங்களையும் குதிரைலாட நண்டுகளையும் தேடிக் கரையோரம் நடக்கிறார்கள். மணலில் ஆமை ஊர்ந்து ஏறிய தடமும் இறங்கிய தடமும் அகலமான பட்டைகளாகத் தெரியும்; கடலின் அடுத்த ஏற்றத்தில் பாதி அழிந்துவிடும். அதிகாலையில் மணலைக் கூட்ட வரும் துப்புரவு ஊழியர்கள் அதை முதலில் பார்க்கக்கூடியவர்கள். அவர்களில் நம் மொழி பேசுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் தமிழில் பேசி அந்தத் தடத்தின் படத்தைக் காட்டி வைப்பது, பத்து அறிவிப்புப் பலகைகளை விடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. முட்டைகளுக்கு ஆபத்து என்று தோன்றினால் கழகத்தினர் அவற்றைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவார்கள். சின்ன சிஸ்டர்ஸ் தீவில் அதற்கென்று ஒரு பொரிப்பகம் இருக்கிறது.

இனி, மாறன் குறிப்பிட்ட பாட்டியைப் பற்றி. இரவில் வரும் ஆமைக்கு முன் அந்தப் பேச்சைப் பழகிக்கொள்ள நல்ல இடம், நீர் வற்றும் நேரத்துச் சாங்கி கடற்கரை. கொரோனா காலத்தில் எல்லைகள் மூடியிருந்தபோது, வற்றம் பார்த்து அங்கே வந்த குடும்பங்களின் எண்ணிக்கை மிகவும் கூடிவிட்டது. வாளி வாளியாக நட்சத்திர மீன், கடல்வெள்ளரி, நண்டு, சங்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அறிவிப்புகள் வைத்தார்கள், தொண்டூழியர்கள் வாரந்தோறும் போய் நின்று பேசினார்கள். அந்தப் பணியில் நான் சந்தித்த ஒரு பாட்டி, பேரனின் வாளியில் கடல்வெள்ளரி, மண்ணில் புதைந்து வாழும் நட்சத்திர மீன்கள், துறவி நண்டுகள் எல்லாம் கலந்து கிடந்ததைக் காட்டி, "வீட்டில் கண்ணாடித் தொட்டியில் விட்டு வளர்க்கப்போகிறோம்" என்றார். நான் தடை எதையும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையோடு சேர்ந்து குனிந்து வாளியைப் பார்த்தேன். வெயிலில் தண்ணீர் சூடாகியிருந்தது. "இந்தத் தண்ணீரில் கைவைத்துப் பார், பிறகு அந்தக் குட்டையில் கைவைத்துப் பார்" என்றேன். அவன் இரண்டிலும் கைவைத்துவிட்டுப் பாட்டியின் கையையும் பிடித்து வைத்தான். "ஐயோ, கொதிக்கிறதே!" என்றார் அவர். ஒவ்வொன்றையும் எடுத்த இடத்தைப் பேரன் நினைவில் வைத்திருந்தான். அந்தந்த இடத்திலேயே திரும்ப விட்டான். நட்சத்திர மீன் மணலுக்குள் தானே இறங்கி மறைவதைப் பாட்டி முழங்கால் மடக்கி உட்கார்ந்து பார்த்தார். மாறன், உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: தொடக்கூடாது என்பதோடு நிறுத்தாமல், தொடாமல் பார்த்தால் என்னவெல்லாம் தெரியும் என்பதை உடனே காட்டிவிடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூன் மாதம் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளைப் பிடித்தால் 50,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். ஆனால் தண்டனையைச் சொல்லித் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் வாக்குவாதத்தில்தான் முடிகிறது.

பதில்: அடையாற்றுக்காரன்

வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவன் நான். இங்கே பேசப்படுவது எனக்குச் சென்னையை நினைவூட்டுவதால் ஒரு கருத்தைச் சேர்க்கிறேன்.

பெசன்ட் நகர் கரையில் 1988 முதல் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்றை நடத்திவருகிறார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் மணலிலேயே நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். வார இறுதி நடைகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வார்கள். கல்லூரியில் படித்தபோது நானும் போயிருக்கிறேன். எனக்குப் பிடித்தது, நடை தொடங்குவதற்கு முன் அவர்கள் எல்லாரையும் மணலில் உட்காரவைத்துப் பேசும் நீண்ட பேச்சு. ஆமையின் வாழ்க்கை, விசைப்படகு வலையில் மூச்சுத் திணறி அது சாகும் விதம், தெருவிளக்கைக் கடலென்று நம்பிச் சாலைப் பக்கம் ஊரும் குஞ்சுகளின் கதி எல்லாவற்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்வார்கள். வேடிக்கை பார்க்க வந்த பலர் அந்தப் பேச்சுக்குப் பிறகு கைவிளக்கைத் தாங்களே பைக்குள் வைத்துவிடுவார்கள்.

குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகளில் பெருங்கூட்டம் சேரும். கூட்டத்தின் முன் வரிசையை மணலில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவரின் காலடியில் குஞ்சு மிதிபடாது; பின்னால் நிற்பவருக்கும் மறைக்காது. இவ்வளவு எளிய ஒழுங்கு இங்கேயும் உதவும் என்று நினைக்கிறேன்.

தங்கும் விடுதிகளில் இருக்கும் நம் தொழிலாளர்களில் பலர் நாகப்பட்டினம், இராமநாதபுரம் கடலோர ஊர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்கு வருகிறார்கள். ஆமையைப் பற்றி அவர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. இங்கே யாருக்குத் தகவல் சொல்வது என்பதை மட்டும் சொன்னால் போதும். முறைப்படி அவர்களை இந்தப் பணியில் சேர்த்துக்கொண்டால் மிகச் சிறந்த கண்கள் கிடைக்கும்.

பதில்: உட்லண்ட்ஸ் கதிர்

நண்பர்களே, ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு விளம்பரம் தேவைதானா? ஆமை வரும் இடத்தைப் பலரும் அறிந்துகொண்டால், பார்ப்பதற்காகவே இரவுதோறும் கூட்டம் வரும். அறியாத கூட்டத்தைவிட ஆர்வமுள்ள கூட்டம் அதிகத் தொல்லை தரக்கூடும். ஆற்றோரங்களில் நீர்நாய்க் குடும்பங்களைக் கேமராவுடன் துரத்திக்கொண்டு ஓடுபவர்களை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? அவர்களும் விலங்கன்பர்கள்தாம்.

பதில்: சாங்கிக் கரை

கதிர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். முட்டையிட்ட இடம், குஞ்சு வெளிவரும் நாள் இரண்டையும் சமூக ஊடகத்தில் போடவே கூடாது. படம் எடுத்தவர்கள் சில வாரம் கழித்து, பின்னணியில் இடம் தெரியாதபடி வெளியிடட்டும். ஆனால், ஆமை வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பது எவ்வளவு பரவினாலும் கெடுதல் இல்லை. இந்த இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

செக் ஜாவாவின் வரலாறு இதற்குச் சான்று. புலாவ் உபின் தீவிலுள்ள அந்தக் கரையைத் தூர்க்கப் போகிறார்கள் என்ற செய்தி 2001-இல் பரவியபோது ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்க்கப் போனார்கள். மக்கள் போய்ப் பார்த்து எழுதியதும் பேசியதும் இல்லையென்றால், அந்த ஆண்டு டிசம்பரில் தூர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்காது. அதே நேரத்தில் அவ்வளவு கால்களும் மிதித்ததால் கடற்புல் படுகை பாதிப்படையவும் செய்தது. அதன் விளைவாகத்தான் மக்களை மேலே நடக்கவிடும் மேடைப்பாதை அமைக்கப்பட்டு 2007-இல் திறக்கப்பட்டது. தூர்ப்பை நிறுத்த உதவிய அதே கூட்டத்துக்குப் பிறகு வழியும் வகுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தொண்டூழியர்கள் இல்லாவிட்டால் அந்த இரண்டாவது வேலையைச் செய்ய ஆளில்லை.

பதில்: அலைமகள்

கதிரின் ஐயம் ஹவாயியிலும் எழுந்தது. தொலைதூரத் தீவுகளில் குட்டி பிறக்கும் இடங்களை அங்கேயும் வெளியில் சொல்ல மாட்டார்கள். ஆனால் கைமனா போன்ற நகரக் கடற்கரையில் எதையும் மறைக்க முடியாது. மறைக்க முடியாத இடத்தில் விளக்கிச் சொல்வதே ஒரே வழி. ஈஸ்ட் கோஸ்ட்டும் அப்படிப்பட்ட இடம் என்றே நினைக்கிறேன்.

பதில்: பிடோக் மாறன்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கடற்கரைச் சுற்றுக்காவல் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப்போகிறேன். எங்கள் பிளாக்கில் இரவுநடை செல்லும் நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று மட்டும்: தொண்டூழியரும் அதிகாரியும் வந்து சேராத அந்த இடைவேளையில், கூட்டம் ஏற்கெனவே கூடிவிட்டிருந்தால், பயிற்சி இல்லாத ஒருவர் முதலில் என்ன செய்வது நல்லது?

பதில்: சாங்கிக் கரை

முதலில் விலங்குகள் தொடர்பான 1800-476-1600 என்ற எண்ணுக்கு அழைத்து, அருகிலுள்ள கார்நிறுத்துமிடத்தின் பெயரையோ விளக்குக் கம்பத்தின் எண்ணையோ சொல்லுங்கள். கரையில் இடம் சொல்வதற்கு அதுதான் எளிது.

பிறகு உங்கள் கைப்பேசி விளக்கை எல்லாரும் பார்க்கும்படி அணையுங்கள். அருகில் நிற்பவரிடமும் அதையே தணிந்த குரலில் கேளுங்கள். ஒருவர் அணைத்தால் மற்றவர்களும் அணைப்பார்கள். ஆமைக்கும் கடலுக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது. அது இறங்கிப் போகும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். முகத்துக்கு எதிரே இருப்பவர்களை அதன் பின்பக்கமாக, நன்றாகத் தள்ளி வரச் சொல்லி, அடையாற்றுக்காரர் சொன்னபடி உட்காரச் சொல்லுங்கள். நாய் கொண்டுவந்தவர்கள் இருந்தால் அவர்களை முதலில் அப்பால் போகச் சொல்வது நல்லது.

கரையேறும்போதும் குழி தோண்டும்போதும்தான் ஆமை எளிதில் மிரண்டு திரும்பிவிடும். ஆகவே அந்த நேரத்தில்தான் அமைதி மிகவும் தேவை. குழியை மூடிவிட்டு அது கடலுக்குப் போனபிறகு, அந்த மணலை யாரும் கிளறாமலும் தடத்தை அழிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் முட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது அந்தத் தடத்தை வைத்துத்தான். சுற்றுக்காவல் பயிற்சிக்கு நீங்கள் வரும்போது, தமிழில் ஒரு சிறு துண்டறிக்கை தயாரிப்பது பற்றியும் பேசுவோம். மொழியைச் சரிபார்க்க அலைமகள் உதவுவார் என்று நம்புகிறேன்.